கண்ணில்லாத பூச்சியும் ரெண்டு கிணறும்

சித்திரை 8, செவ்வாய்

காலையிலேயே அனல். கோழி மூணு முட்டை. முழங்கால் வலி, தைலம்.

பேத்தி சரோஜா லீவுக்கு வந்து நாலு நாள். பட்டணத்துக் காலேஜில் ஆராய்ச்சி. நம்ம வம்சத்தில் ஆண்பிள்ளை கூட இவ்வளவு படிச்சதில்லை. நான் அஞ்சாவது. வகுப்பில் முதல். அவள் எழுதி மிச்சம் வைத்த நோட்டில்தான் இது.

என்ன ஆராய்ச்சின்னு ஊரில் கேட்டால் சொல்லக் கூச்சம். கிணத்துப் பூச்சி. வெள்ளை நூல் துணுக்கு மாதிரி, லென்ஸ் வைத்தால் காலெல்லாம் தெரியுது. கண் கிடையாது. பூமிக்கடியில் இருட்டுத் தண்ணியிலேயே பிறந்து அங்கேயே சாகுதாம்.

"எறா ஜாதி ஆயா இது."

"எறான்னா கொழம்பு வெக்கலாமா?"

"லட்சம் புடிச்சா ஒரு கரண்டி தேறும்."

என் எழுத்து மணிமணியா இருக்குன்னு பாட்டில் லேபிள் எல்லாம் என்னையே எழுதச் சொல்றாள். இதுவரை:

தென்னேரி — இல்லை.
ராஜகுளம் — இல்லை.
திருப்புட்குழி — இல்லை. பெருமாள் சேவை மட்டும்.
நம்ம தோட்டத்துக் கிணறு — மூணு! எல்லாம் பொட்டை.

ஆண் கிடைத்தால்தான் இது பேர் வைத்த வகையா, புது வகையா என்று தெரியுமாம். ஆணோட கடைசிக் காலில்தான் அடையாளம். புதுசா இருந்தால் ஆண் கிடைத்த கிணறு யாருடையதுன்னு புஸ்தகத்தில் போடுவாங்க. என் வீட்டுக்காரர் வெட்டின கிணறு புஸ்தகத்தில்! நாலு பேருக்குச் சொல்லணும். பூச்சின்னு சொல்லாமல்.

9, புதன்

கடுதாசி. சரோவோட புரபசர் திங்கட்கிழமை ஜீப்பில் வர்றார். அவள் பூச்சி கெடாமல் போட்டு வைக்க ஸ்பிரிட் வாங்கக் காஞ்சிபுரம் பஸ் ஏறினாள்.

கிணத்தை எட்டிப் பார்த்தேன். பாசி, வேப்பஞ்சருகு, செத்த தவளை ஒண்ணு. அவ்வளவு பெரிய மனுஷருக்கு இதையா காட்டுறது? உடனே ரெண்டு ஆள் இறக்கி தூர் வாரினேன். சுண்ணாம்பு ரெண்டு கூடை. பஞ்சாயத்தில் கேட்டு பிளீச்சிங் பவுடரும் போட்டாச்சு. தண்ணி பளபளன்னு. சுத்தமானால் பூச்சிக்கும் நல்லதுதானே.

மாங்காய் நறுக்கினேன். உப்பு போதவில்லை.

10, வியாழன்

நேற்று சாயந்திரம் சரோ வாசலிலேயே மோந்து பார்த்தாள்.

"ஆயா, கெணத்துல இன்னா போட்டே?"

சொன்னேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. நேரே கிணத்தடிக்குப் போனாள்.

இன்று வலையை அடிமண் வரைக்கும் பதினோரு தரம் இறக்கினாள். ஒண்ணும் இல்லை. "எல்லாம் செத்துச்சு ஆயா. ஆண் இல்லாம புரபசர்கிட்ட இன்னா காட்றது? ரெண்டு வருஷ வேலை."

தப்புன்னு என் வாயால் சொல்லவில்லை. வடகம் பொரிச்சு வைத்தேன். தொடவில்லை.

11, வெள்ளி

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சரோ வலையோட அலைஞ்சாள். பங்காளி வீட்டுக் கிணறு — இல்லை. ஏரிக்கரைக் கிணறு — இல்லை. ஆத்து மணல் ஊத்து வர்ற பக்கம்தான் இது இருக்கும் என்கிறாள் சரோ. அந்தப் பக்கம் பாக்கி ஒரே கிணறு. காலனிக் கிணறு.

வேர்க்கடலை பறிக்க வந்த ஆரோக்கியம் காதில் விழுந்துவிட்டது. "பூச்சிதானே வோணும் ஆயா? எங்க கெணத்துக்கு புழுக் கெணறுன்னு நீங்கதானே பேர் வெச்சீங்க. பேத்திய வந்து பாக்கச் சொல்லுங்க." கொல்லையில் இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் சிரிப்பு.

நான் சொன்னதுதான். மழை பொய்த்த வருஷம் அவளும் அவள் அம்மாவும் குடத்தோட நம்ம கிணத்துக்கு வந்தாங்க. "உங்க புழுக் கெணறு கீதே, அங்க போங்க" என்றேன். நம்ம கிணறு நிறையத் தண்ணி இருந்தது.

12, சனி

சரோவோட போனேன். குடை எடுத்துக்கொண்டு. காலனி முனைப் புளியமரத்தோட நின்றுவிட்டேன்.

"வெய்யில்ல ஏன் ஆயா நிக்கிறீங்க, கெணத்தண்ட வாங்க," ஆரோக்கியம்.

"இங்கியே கீறேன்."

வலையை ஆரோக்கியமே இறக்கினாள். என்ன கை அது, அடிமண்ணைத் தொட்டு அலுங்காமல் தூக்குறாள். ஏழாவது தரம் சரோ லென்ஸும் கையுமா ஒரு கூச்சல்: "ஆயா! ஆம்பளை கெடச்சிடுச்சு!"

"இந்த ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்? எங்கூட்டுல ஒண்ணு தூங்கிக்கினு கீது, இட்டுக்கினு போம்மா," என்றாள் ஆரோக்கியம். நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் சரோ சொன்னது: "பாத்தா நம்ம கெணத்துல இருந்த அதே வகைதான். இதுங்க மண்ணு மேல நடக்காது. ரெண்டுலயும் ஒண்ணே கீதுன்னா, அடியில ஒரே தண்ணி ஆயா."

ஆரோக்கியம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "அப்போ அன்னிக்கு நீங்க இல்லேன்னு சொன்ன தண்ணி எங்க காலுக்குக் கீயதான் இருந்துச்சா? எங்க கவுறுதான் எட்டல."

குடையை விரித்து வந்துவிட்டேன்.

13, ஞாயிறு

ரெண்டு பாட்டில். ஒண்ணில் நம்ம பொட்டைங்க மூணு. ஒண்ணில் அந்த ஆண். லேபிள் எழுதக் கொடுத்துவிட்டு சரோ குளிக்கப் போனாள்.

ஆண் பாட்டிலில் நம்ம தோட்டத்துக் கிணறுன்னு எழுதினேன். அழகாத்தான் வந்தது. நான் எழுதினதை அவள் சரிபார்க்கிறதில்லை. பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

மத்தியானம் சும்மா கேட்கிற மாதிரி: "எடம் கொஞ்சம் தள்ளிப் போட்டா இன்னா ஆயிடும்?"

"பூச்சி பேர் தப்பானா பின்னாடி திருத்திக்கலாம் ஆயா. எடம் தப்பானா போச்சு. அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து அந்தக் கெணத்துல தேடுவார். கெடைக்காது. சரோஜா பொய் சொன்னான்னு எழுதுவார்."

புளியில் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். பெட்டி பக்கம் மூணு தரம் போனேன். சரோ அதன்மேலேயே தலை வைத்துத் தூக்கம்.

14, திங்கள்

பத்து மணிக்கு ஜீப். புரபசர் ஒல்லி, மூக்குக் கண்ணாடி, மோர் ரெண்டு டம்ளர். ஆண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "லேபிள் அச்சு போட்ட மாதிரி இருக்கே! இந்த வீட்டுக் கிணறா?"

சரோ லேபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானே சொல்லட்டும்னு விட்டாளா, என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னா?

"அது இல்லீங்க. காலனிக் கெணறு. ஆரோக்கியம் புடிச்சுக் குடுத்தது. நான்தான் மாத்தி எழுதிட்டேன். தெரிஞ்சேதான்."

அவர் பேனாவை நீட்டினார். புதுக் காகிதத்தில் எழுதினேன். காலனிக் கிணறு. பிடித்தவர் ஆரோக்கியம். எழுத்து கோணல்.

ஜீப் காலனிக்குப் போனது. "நீயும் ஏறு ஆயா" என்றாள் சரோ. முழங்கால் வலி என்றேன்.

நம்ம கிணத்தை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாளி சேந்தி வெயிலில் வைத்து, அவளோட லென்ஸால் வெகுநேரம் பார்த்தேன். கண்ணாடி மாதிரி தண்ணி. ஒண்ணுமே இல்லை.