கொள்ளிடத் துறைக்கு ஒரு கம்பிவடம்

1931, வைகாசி 12

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆற்றில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை; நடுத்திட்டு ஜனங்கள் நடந்தே சீரங்கத்துக்கு வந்து போகிறார்கள். இந்த மாதத்தில் துறைக் குத்தகைக்காரனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தண்ணீர் வந்தால்தான் நான் மனிதன்.

தண்ணீர் வரும்; ஆட்கள் வருவார்களா? போன ஐப்பசியில் கரைக்குக் கரை கட்டிப் படகைப் பிடித்திருந்த தேங்காய்நார் வடம் நடு ஓட்டத்தில் அறுந்தது. படகு நிறையப் பூக்காரப் பெண்கள். மணல்மேட்டில் தட்டி நின்றதால் பிழைத்தோம். கரையேறியதும் வெள்ளையம்மாள் சொன்னாள்: "இனிமே உங்க படகுல கால் வைக்க மாட்டோம்ண்ணே." திட்டில் பூ விற்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அவள் பேச்சுதான் பேச்சு. அவர்கள் ஏறாவிட்டால் இந்தத் துறையை நான் வைத்திருக்க முடியாது. அதைவிடக் கொடுமை, வெள்ளத்தில் வெள்ளைச்சாமியின் ஒட்டுப்போட்ட பரிசலில் போவார்கள்.

முடிவு செய்துவிட்டேன். இந்த வருஷம் நார் இல்லை. கம்பிவடம்.

வைகாசி 15

பெரிய கடைவீதியில் கலீல் ராவுத்தரின் இரும்புக் கடை. இரண்டு வடம் காட்டினார். ஒன்று கறுப்பு, எண்ணெய் மினுக்கு, நல்ல கனம். மற்றது சாம்பல் நிறம், ஒல்லி. என் கை தானாகக் கனத்ததற்குத்தான் போனது.

"அதைத் தொடாதீங்க பிச்சமுத்து. கிரேன்ல ஓடின பழசு அது, எண்ணெயிலயே கிடந்தது. ஆத்துல போட்டா உள்ளுக்குள்ள துரு ஏறும், வெளிய மினுங்கிக்கிட்டே இருக்கும். இது புதுசு. ஒவ்வொரு இழையிலயும் துத்தநாகம் பூசியிருக்கு. மழைக்கும் வெயிலுக்கும் இதுதான்."

"ஒல்லியா இருக்கே பாய்."

"எவ்வளவு கனத்துல அறும்னு பாருங்க. அதுல அஞ்சுல ஒரு பங்குதான் ஏத்தணும். உங்க படகு, ஓட்டம் எல்லாம் சேர்த்துப் பார்த்தா கூடையோட பன்னண்டு பேரு. பதிமூணாவது ஆள் உங்க மாமனாரா இருந்தாலும் கரையிலயே நிக்கட்டும்."

விற்கிற மனுஷன் வாங்குகிறவனுக்கு இத்தனை நிபந்தனை போடுவதை இங்கேதான் பார்க்கிறேன். எரிச்சலாக வந்தது. ஒல்லியையே வாங்கினேன்.

வைகாசி 16

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி சந்திரம்மாள் கேட்டது ஒன்றுதான்: "எங்கப்பாவை எதுக்கு இழுத்தாரு அந்த பாய்?"

வைகாசி 27

வடம் வந்து இறங்கியது. சுருளைத் தரையில் போட்டு நுனியைப் பிடித்து இழுக்கப் பார்த்தான் சுடலைமுத்து. அப்படி இழுத்தால் முறுக்கு விழுந்துவிடும். சக்கரம்போல் உருட்டிக்கொண்டே போய் விரிக்கச் சொன்னேன். கையில் சாக்கு சுற்றிக்கொள்ளச் சொன்னதற்கு மட்டும் சிரித்தான். நாற்பது வயதுப் படகோட்டி, நார் வடத்தோடு வளர்ந்தவன். எனக்குக் கீழே வேலை செய்கிறானே தவிர என் பேச்சைக் கேட்கிற ஜென்மம் இல்லை.

வைகாசி 29

இன்று வந்த கோபத்தை எழுதித்தான் ஆற்ற வேண்டும்.

தண்ணீர் எப்போது வரும் என்று விசாரிக்க முக்கொம்பு அணைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், சுடலைமுத்து நம் கரைப் புளியமரத்தில் வடத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டு, கொட்டாப்புளியால் அடித்தும் இறுக்கி வைத்திருக்கிறான். கொள்ளிடக் கரை முழுக்கப் பேர் போன முடிச்சு அவனுடையது. நாரில் அது இறுக இறுகப் பலம். ஆனால் இது நாரா? முடிச்சை அவிழ்த்தபின் அந்த இடம் கூன் விழுந்து நின்றது, நிமிரவில்லை. பூச்சு பொருக்காய் உதிர்ந்திருந்தது. இழைகள் வாயைப் பிளந்திருந்தன.

"வெட்டுடா" என்றேன்.

"வெட்டினா மரத்துக்கு எட்டாதேண்ணே."

"எட்டாட்டி போகுது."

வெட்டுகிற இடத்துக்கு இருபுறமும் மெல்லிய கம்பியைச் சுற்றிக் கட்டி, இழை பிரியாமல் வெட்டினோம். எட்டவில்லைதான். "மிச்சத்துக்கு நார் வடத்தை முடிஞ்சு இழுத்துக் கட்டிருவோம்" என்கிறான். கூடாது. மறுபடியும் நாரை நம்பவா இத்தனையும் செய்தேன்? வடம் மரத்துக்கு வராவிட்டால் மரம் வடத்திடம் வரட்டும்.

ஆனி 4

கரை மேட்டில், வடம் எட்டுகிற இடத்தில், ஆள் உயரத்துக்கும் மேலே ஆழமாய்க் குழி. அதில் வைரம் பாய்ந்த கருவேலக் கட்டையைக் குறுக்கே படுக்கவைத்து, வடத்தை அதில் வளைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டு இடித்தாயிற்று. வளைவில் உரசாமலிருக்க இரும்புத் தகடு. வடத்தின் நுனியைத் திருப்பிப் பிடிக்க லாடம் மாதிரி வளைந்த போல்ட்டுகள். லாடம் வெட்டுநுனிப் பக்கம் அழுத்த வேண்டும். பாரம் தாங்குகிற பக்கத்தில் அதன் அடிக்கட்டைதான் உட்கார வேண்டும். ஒன்றை மாற்றிப் பூட்டிவிட்டான். கழற்றி மறுபடி போடச் சொன்னேன். முறைத்தான், போட்டான். முடிச்சு விஷயத்துக்குப் பிறகு என்னோடு அவன் பேசுவதில்லை.

ஆனி 9

மனிதர் ஏறுமுன் மண்மூட்டை ஏறட்டும். தண்ணீர் வருமுன்னே, மணலில் கிடக்கும் படகு நிறைய மூட்டை ஏற்றி வடத்தில் பூட்டினோம். இழுத்துப் பார்த்தபின் போல்ட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. மறுபடி முடுக்கினோம். சுடலைமுத்து பேசினான்: "கம்பி இளைக்குது போலண்ணே." பாரம் ஏறினால் அப்படித்தான். பேசினானே, அது போதும்.

ஆனி 18

முக்கொம்பில் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்துவிட்டது. பால்காரர்கள் ஏறினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள். பூக்காரர்கள் பரிசலில் போனார்கள், என் கண்ணெதிரே.

ஆனி 27

வடம் முழுக்கப் பஞ்சுத் துணியை ஓட்டிப் பார்த்தோம். இழை ஒடிந்திருந்தால் நூல் மாட்டும். எங்கும் மாட்டவில்லை.

ஆடி 10

வெள்ளையம்மாள் துறைக்கு வந்து வடத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது அறாதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"மாட்டேன். எதுவும் அறும். அறாம பாத்துக்குவேன், அவ்வளவுதான்."

நேரே பரிசலுக்குப் போய்விட்டாள். ஒரு 'ஆமாம்' சொல்லித் தொலைத்திருக்கலாமோ? வாய் வரவில்லையே, என்ன செய்ய.

ஆடி 18

பெருக்கு. நேற்று ராத்திரி திட்டிலேயே தங்கிவிட்டேன். இதற்கு மேல் தண்ணீர் ஏறினால் படகு விடுவதில்லை என்று திட்டுக்கரைக் கம்பத்தில் நான் சுண்ணாம்பால் போட்ட கோடு விடியும்போதே தண்ணீருக்குள் போயிருந்தது. ஓட்டத்தில் கிளையும் கட்டையும் உருண்டு வந்தன. வடம் அதிர்வது காலில் தெரிந்தது.

வருஷத்திலேயே பூ அதிகம் விற்கிற நாள். திட்டுக்கரையில் நானும் படகும். எதிரே கூடைகளோடு கூட்டம். படகை வடத்தோடு பூட்டுகிற கப்பி ஆணியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, "இன்னிக்குப் படகு போகாது" என்றேன்.

என்ன ஏச்சு. "கம்பிவடமாம் கம்பிவடம்" என்றான் ஒருவன். "துணி காயப்போடக் கட்டினியா?" என்றாள் ஒரு கிழவி. வெள்ளைச்சாமியும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டான். வெள்ளையம்மாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசாமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

சாயங்காலம்வரை வடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய மரம் எதுவும் வந்து மோதவில்லை. விட்டிருந்தாலும் போய்ச் சேர்ந்திருப்போம் என்றுதான் தோன்றுகிறது. அத்தனை பூவும் திட்டிலேயே வாடிப்போயிற்று. மனசு கேட்கவில்லை. ஆனாலும் நாளைக்குக் கோடு தெரியாவிட்டால் நாளைக்கும் விடமாட்டேன்.

ஆடி 19

தெரியவில்லை. விடவில்லை.

ஆடி 21

கோட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். துணியை ஓட்டிப் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கி, மண்மூட்டையோடு ஒருமுறை போய் வந்தபின் கப்பி ஆணியைப் பூட்டினேன்.

திட்டுக்கரையில் வெள்ளையம்மாள் கூடையோடு நின்றாள். ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். அவள் பின்னால் மற்றப் பெண்கள் தபதபவென்று ஏறினார்கள். எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் இரண்டு பேர் அதிகம்.

"கடைசியா ஏறின ரெண்டு பேரும் அடுத்த நடைக்கு வாங்க" என்றேன். ஒருத்தி முணுமுணுத்தாள், மற்றவள் அசையவே இல்லை. நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வெள்ளையம்மாள் திரும்பினாள்.

"அண்ணன் சொல்றாருல்ல. இறங்குங்கடி."