பதினாலாம் நம்பர் ஆணி

பெரியவளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன், இங்க எல்லாரும் சுகம்னு அடுத்த வரி எழுதணும், இந்த வாட்டி அது கைக்கு வரல, உயிரோட இருக்கோம்னு மட்டும் வெச்சுக்கோ. போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்ப. போன் எடுத்தா நான் கத்துவேன், நீ அழுவ, நடுவுல உங்கப்பா பிடுங்கி ஒண்ணுமில்லம்மா சாப்பிட்டியான்னு கேட்டு வெச்சுடுவார். அதான் ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு ரூம் கதவைச் சாத்திக்கிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எழுதறேன். மேஜை பூரா வெள்ளைப் பொடி, காகிதத்துல ஒட்டியிருந்தா தட்டிட்டுப் படி. நின்னுக்கிட்டுப் படிக்காத, உக்காந்து முழுசாப் படி. கவருக்குள்ள இன்னொண்ணும் இருக்கு, அதைக் குட்டி கையில கொடுத்துடாத, வாயில போட்டுக்கும்.

முதல்ல நம்ம மலையோட்டக் கிளப் சேதி. இந்தக் குளிர்காலம் மலை எங்க எல்லாரையும் அடிச்சுத் துவைச்சுப் போட்டுடுச்சு. முதல் ஓட்டத்தன்னிக்கு அடிச்ச காத்துல கூடாரம் பிச்சுக்கிட்டுப் போய் இரும்புக் கம்பி நம்ம சலூன்காரர் மண்டையில விழுந்து ஆறு தையல், அந்த மனுஷன் ரத்தம் கண்ணுல வழிய வழிய என் நேரம் எவ்வளவுன்னு கேக்கறார், பைத்தியம். லாரி டிரைவரை ஞாபகம் இருக்கா, எல்லாருக்கும் பின்னாடி கடைசியா ஓடி வந்து யாரும் மலையில விட்டுப்போகலையான்னு பாத்துக்கிட்டு வருவாரே, வாலுன்னு கூப்பிடுவோமே, அவர் அதே ஓட்டத்துல பாறையில முட்டியை மோதி பூசணிக்காய் மாதிரி வீங்கிப் போய் இந்த வருஷம் ஓடவே கூடாதுன்னுட்டாங்க. ரெண்டாவது ஓட்டம் அதைவிட மோசம். பாதி மலையில ஆட்டுப் பட்டிக்கு ஒரு மரக்கதவு இருக்கு, ஒருத்தர்தான் நுழைய முடியும், அங்க உன் தம்பியும் பன்னுவும் ஒண்ணா போய் நின்னிருக்காங்க. பன்னுதான், உன்கூடப் படிச்ச பேக்கரிப் பையன், ரெண்டு வருஷமா கோப்பை அவன்கிட்டதான் இருக்கு. அவன் முழங்கை உன் தம்பி வாயில பட்டு முன்பல்லு ஒண்ணு போச்சு. வேணும்னு இடிச்சான்னு இவன், வழுக்கிடுச்சுன்னு அவன். கீழ வந்ததும் ரெண்டு பேரும் சேத்துல கட்டிப் புரண்டு ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் நெரிக்க, செகரெட்டரி டிரில் மாஸ்டர் டம்ளர் கழுவின தண்ணியை வாளியோட தூக்கி ரெண்டு பேர் தலையிலயும் ஊத்தினார். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் பல்லைக் காட்டினேன். அப்புறம் மூணு வாரம் உன் தம்பி சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து அந்தப் பல்லு இருந்த ஓட்டையை நாக்கால துழாவிக்கிட்டே அவன் காலை ஒடிக்கிறேனா இல்லையா பாருன்னு சொல்லிக்கிட்டு இருந்தான், வாய்க்கொழுப்புன்னு நாங்களும் விட்டுட்டோம்.

பலகை விஷயம் உனக்குத் தெரியும், சின்ன வயசுல புளி போட்டுத் தேச்சுக் கொடுத்தவளே நீதான், ஆனா மாப்பிள்ளையும் இதைப் படிக்கணும், அதனால எழுதறேன். மலையடிவாரத்துல ஒரு பலகை, அதுல முப்பத்திரெண்டு ஆணி, ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை, வில்லையில நம்பர். ஓடப் போறவங்க அவங்கவங்க வில்லையை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போவாங்க, இறங்கி வந்ததும் அதே ஆணியில மாட்டுவாங்க. ஆணி காலியா இருந்தா ஆள் இன்னும் மேல இருக்குன்னு அர்த்தம். எல்லா ஆணியும் நிறைஞ்சா நான் விசில் ஊதுவேன், அதுவரைக்கும் ஒருத்தருக்கும் டீ கிடையாது. பத்தொன்பது குளிர்காலமா பலகை என் பொறுப்பு. நீலக் கயிறு கட்டறது நான், முடிச்சு நான், விசில் நான்.

போன ஞாயித்துக்கிழமை மூணாவது ஓட்டம். காலையில எட்டு மணிக்குக் கிளம்பினாங்க, எலும்பைக் குடையற மழை, பத்தடிக்கு மேல கண்ணு தெரியாத பனி. வாலு இல்ல, அவருக்குப் பதிலா ஓடறேன்னு சொன்ன டீச்சருக்குக் காய்ச்சல். பின்னாடி ஆள் இல்லாம விடலாமான்னு டிரில் மாஸ்டர் கேட்டார், பலகை இருக்கே சார், போதும்னு சொன்னது நான். இந்த வாயால சொன்னேன். உன் தம்பிதான் முதல்ல வந்தான். உதடு கிழிஞ்சு ரத்தம், முகமெல்லாம் சேறு, அந்த ஓட்டைப் பல்லோட சிரிச்சான், எனக்குத் தலைகால் புரியல, அந்தச் சேத்து நெத்தியில முத்தம் கொடுத்தேன். அப்புறம் சலூன்காரர் தையல் திரும்பப் பிச்சுக்கிட்டு வந்து நிக்க அவருக்குக் கட்டுப் போட உக்காந்துட்டேன். பத்தேகாலுக்குத் திரும்பிப் பாத்தா எல்லா ஆணியும் நிறைஞ்சிருக்கு. ஒன்பதாம் நம்பர் மட்டும் கயிறே இல்லாம வெறும் ஓட்டையில மாட்டித் தொங்குது. ஒன்பது பன்னுவோடது. எந்த எருமைடா என் கயித்தை அறுத்ததுன்னு திட்டிக்கிட்டே பையிலேர்ந்து புதுக் கயிறு எடுத்து அந்த வில்லைக்கு முடிச்சுப் போட்டு அழகா மாட்டிட்டு, விசில் ஊதினேன். எல்லாரும் ஹாலுக்கு டீ குடிக்கப் போனோம்.

பதினோரு மணிக்குப் பன்னுவோட அம்மா குடையும் துண்டுமா வந்தாங்க. பையன் வீட்டுக்கு வரலையேன்னாங்க. இறங்கிட்டானே, வில்லை இருக்கே பாருங்கன்னேன். பாத்துட்டு, இல்லம்மா, அவன் எங்க போனாலும் முதல்ல அடுப்பைப் பாக்க வருவான், வரலைன்னு மறுபடி சொன்னாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. இந்தப் பலகை பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை பொய் சொன்னதில்ல, தோத்த கடுப்புல எங்கயாவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான் உங்க பிள்ளை, போய்த் தேடுங்கன்னு அத்தனை பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். அந்தம்மா துண்டை மடிச்சு அக்குள்ல வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. உன் தம்பி என் பக்கத்துல உக்காந்து பிஸ்கட்டை டீயில தோய்ச்சுத் தின்னுக்கிட்டு இருந்தான், ஒரு வார்த்தை விடாம எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். ரெண்டு மணிக்கு அவங்க சொட்டச் சொட்ட நனைஞ்சு திரும்பி வந்தாங்க, என் பக்கம் திரும்பவே இல்ல, வெறும் செருப்போட மலையேற ஆரம்பிச்சுட்டாங்க. வாலு கம்பை ஊனிக்கிட்டு எழுந்து, பலகையை விட்டுத் தள்ளுங்கய்யா, ஆளை யாராவது பாத்தீங்களான்னு கேட்டார். ஒருத்தரும் பாக்கல.

எட்டுப் பேர் ஓடினாங்க. மூணு மணிக்குக் கண்டுபிடிச்சாங்க, மேட்டுச் சுவருக்குக் கீழ கல்லு ஓடையில, கணுக்கால் திரும்பி, உதடு நீலம் பாரிச்சு, கத்தக் கூடத் தெம்பில்லாம. அஞ்சாறு மணி நேரம் அந்த மழையில கிடந்திருக்கான். லீவு நாள்னாலும் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் கூப்பிட்டாங்க, நான்தான் கட்டுப் போட்டேன். வலது கையில மூணு விரல் நொறுங்கியிருக்கு, புறங்கையில புள்ளி புள்ளியா, மலையில ஓடறவங்க போடற முள்ளு ஷூவோட அச்சு. இருபத்திரெண்டு வருஷமா ஒடிஞ்ச எலும்போடயே குடித்தனம் பண்றேன், விழுந்து ஒடிஞ்ச கை எது மிதிச்சு ஒடிஞ்ச கை எதுன்னு கண்டுபிடிக்க எனக்கு எக்ஸ்ரே வேண்டாம். கழுத்தைச் சுத்தி சிவப்பா ஒரு கோடு, கயித்தை வெடுக்குன்னு இழுத்த கோடு. யாருப்பான்னு கேட்டேன். வழுக்கிடுச்சு ஆன்ட்டின்னு சொல்லிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டான். ரெண்டு விரல் இனிமே மடங்காதுன்னு டாக்டர் சொல்றார். மாவு பிசையற கைடி அது.

வீட்டுக்கு வந்து துணி ஊறப் போட்டேன். உன் தம்பி டிரவுசர் பாக்கெட்டுல அறுந்த நீலக் கயிறு, அதுல என் முடிச்சு. அவன் சேத்து ஷூவை எடுத்தேன், தூங்கிக்கிட்டு இருந்தவனை முடியைப் பிடிச்சு எழுப்பி அந்த ஷூவாலயே அடிச்சேன். முகத்துல, தோள்ல, எங்க படுதுன்னு பாக்கல. காது மடல் கிழிஞ்சு தலைகாணி பூரா ரத்தம். தடுக்க வந்த உங்கப்பா மணிக்கட்டுலயும் ஒண்ணு விழுந்தது. பெருமையா எழுதலடி, மறைக்கக் கூடாதுன்னு எழுதறேன். அடிச்சு முடிச்சு மூச்சு வாங்கறப்பதான் என் கையைப் பாத்தேன், ஷூவை எப்படிப் பிடிச்சா முள்ளு நல்லாக் குத்தும்னு யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் கைக்குத் தெரிஞ்சிருந்தது, எனக்கே என்னைப் பாத்துப் பயமாப் போச்சு. அதுக்கப்புறம் அவனே சொன்னான். ஓடைக்கு மேல எட்டிப் பிடிச்சு கழுத்துக் கயித்தைப் பிடிச்சு இழுத்திருக்கான், பன்னு திரும்பி ஒண்ணு விட்டிருக்கான், உதடு கிழிஞ்சது அப்பத்தான், இவன் தள்ளியிருக்கான், அவன் விழுந்து கல்லைப் பிடிச்சுத் தொங்கறப்ப அந்தக் கையை மிதிச்சிருக்கான். ரெண்டு தடவைம்மான்னு எண்ணிச் சொல்றான். அறுந்த கயிறும் வில்லையும் இவன் கைக்கு வந்துடுச்சாம், எப்படியும் பின்னாடி எழுந்து வந்துடுவான்னு நினைச்சானாம். அப்புறம் நீ எதுக்குடா ஆணியில மாட்டினன்னு கேட்டேன். கிழிஞ்ச காதைப் பொத்திக்கிட்டு, மாட்டினது நான், விசில் ஊதினது நீதானேம்மான்னான். மிதிச்சது கோவம்னு வெச்சுக்கலாம், கோவத்துல நானும்தான் அடிச்சேன். ஆணியில மாட்டினது கோவம் இல்ல. அந்த ஆணி காலியா இருந்திருந்தா அரை மணியில மேல போயிருப்போம்.

திங்கக்கிழமை வார்டுக்குப் போய் பன்னுவோட அம்மாகிட்ட, பாக்காம விசில் ஊதினது என் தப்புன்னு சொன்னேன். பளார்னு ஒண்ணு விட்டாங்க. வாங்கிக்கிட்டேன், இன்னும் நாலு விட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆனா யார் மாட்டினதுன்னு சொல்ல வாயெடுத்தேன், மகன் பேரைச் சொல்லாமலே திரும்பி வந்துட்டேன். உங்கப்பா என்ன சொல்றார்னா, அடி வாங்கினவனே வழுக்கினேங்கறான், நீ எதுக்குக் கிளர்ற, போலீஸ் வந்தா பையன் வாழ்க்கையே போச்சுங்கறார். அவருக்கும் பயம், அவரைத் திட்டாத. நான் டியூட்டிக்கு வந்த நேரம் பார்த்து இன்னிக்கு அவனுக்குப் பையைக் கட்டிக் கொடுத்து உன்கிட்ட அனுப்பிட்டார், இப்பத்தான் எனக்குப் போன்ல சொன்னார், வேலை தேடி வர்றான்னு உனக்கும் சொல்லியிருப்பார். வழியில சிநேகிதன் ரூம்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வியாழக்கிழமை சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல நிப்பான், இந்தக் கூரியர் அதுக்கு முன்னாடி வந்துடும்.

வந்தா வெந்நீர் போட்டுக் கொடு, வயிறு நிறையச் சாப்பாடு போடு, காதுக்கு மருந்து வெச்சு விடு, நான் பண்ணின காயம் அது. எதுவும் கேக்காத. அழுவான், நீ இடுப்புல தூக்கி வளர்த்தவ, உருகிப் போயிடுவ, உருகாத. சாப்பிட்டு முடிச்சதும் கவர்ல இருக்கறதை எடுத்து அவன் கையில கொடு. வெள்ளிக்கிழமை பஸ்ல நீயே உக்கார வெச்சு, வண்டி கிளம்பற வரைக்கும் நின்னுட்டு வா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஹால்ல கூட்டம், கோப்பை கொடுக்கறாங்க, பன்னுவோட அம்மாவையும் டிரில் மாஸ்டர் வரச் சொல்லியிருக்கார். அவன் வந்தா அவன் வாயால சொல்லட்டும், நான் பக்கத்துல நிப்பேன், போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூடப் போவேன், ஜெயிலுக்குப் போனா வாரா வாரம் சோறு கொண்டு போவேன். வரலைன்னா என் வாயால அவன் பேரைச் சொல்லிட்டுத்தான் கீழ உக்காருவேன், அதுக்கப்புறம் எனக்கு அவன் பிள்ளையா இருக்கறதும் இல்லாததும் அவன் பாடு.

கழுத்துல மப்ளர் இல்லாம குட்டியை வெளிய தூக்கிட்டுப் போகாத. மாப்பிள்ளைக்கு முதுகு வலி எப்படி இருக்குன்னு எழுது. நீங்க மூணு பேரும் நூறு வருஷம் ஒண்ணா இருக்கணும், யார் கையாலயும் உங்களுக்கு ஒரு கீறல் விழக் கூடாது, உங்க கையாலயும் யாருக்கும் விழக் கூடாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸை மறந்துடாத. கவர்ல இருக்கறது அவனோட வில்லை, பதினாலாம் நம்பர், அவன் அறுத்த அந்தக் கயித்துலயே முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கேன். பலகையில அந்த ஆணியைக் காலியா விட்டிருக்கேன். உன் தம்பி இன்னும் மலையிலேர்ந்து இறங்கல, இறக்கி அனுப்பு.

உன் அம்மா