உன் ஆட்டோவில் வந்த நெஞ்சுவலி

இன்று சாயங்காலம் உன் ஆட்டோ எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் நீ ஆசையாக வரையச் சொன்ன கிளிப்படம் வெளுத்திருந்தது. ஓட்டி வந்தவன்தான் வேறு ஆள், உன் வீட்டுக்காரியிடமிருந்து வண்டியை வாங்கியவன். ஒரு கணம், நீயே இறங்கி "ஏம்பா, டீ சாப்ட்டியா?" என்று கேட்கப் போகிறாய் என்று நினைத்துவிட்டேன். இறங்கியது ஒரு பெரியவர். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

உன் ஆட்டோவில், நெஞ்சுவலிக்காரர், எங்கள் ஆஸ்பத்திரிக்கு! நீ பார்த்திருந்தால் அந்த டிரைவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாய். எனக்கும் பங்கு கிடைத்திருக்கும்.

நாம் பழகியது பட்டுக்கடையில்தானே. நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் சேலை விரித்துக் காட்டுவேன். நீ வரதர் கோயில் வாசலில் வடநாட்டு யாத்ரீகர்களைப் பிடித்து, உனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசிக் கூட்டி வந்து விடுவாய். அவர்கள் உள்ளே போனதும் கல்லாவில் உன் கமிஷன் தயாராகும். முதலாளி அவர்களைப் 'பார்ட்டி' என்பார். அவர் எங்களுக்குப் பாடமாகச் சொன்னது ஒன்றுதான்: கடை ஏறிய பார்ட்டி வெறுங்கையோடு இறங்கக் கூடாது. பிறகு அவரே ஆஸ்பத்திரி கட்டினார். நான் கைராசிக்காரன் என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் அட்மிஷன் மேஜையில் உட்கார வைத்தார். இடம் மாறியது, பாடம் மாறவில்லை. வாசலில் நிற்கும் ஆட்டோக்களுக்குக் கமிஷனும் மாறவில்லை.

நீயும் வாங்கினாய், அதை மறைப்பானேன். காய்ச்சல், கைமுறிவு, பிரசவம் எல்லாம் கூட்டி வந்தாய். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது ஏறினால் எங்கள் வாசலைத் தாண்டி நேராக அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு விட்டுவிடுவாய். ஏன் என்று நான் கேட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பொடவ புடிக்கலன்னா மாத்திக்கலாம்பா. நெஞ்ச எங்க போயி மாத்துறது? உங்க ஆஸ்பத்திரில அதுக்கு டாக்டரு ஞாயித்துக்கெழம காலைல வந்துட்டுப் போயிடுறாரு. மத்த நாளுல போர்டு மட்டும்தான் இருக்குது."

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. எங்கள் வாசலில் வண்டி போடக் கூடாது என்று உன்னை விரட்டிவிட்டார்கள். "போனா போவுதுப்பா, வரதரு வாசல் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாய். நானும் உன்கூடக் கிளம்பியிருக்க வேண்டியவன். அப்போதுதான் என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஸ்டாஃப் சம்சாரம், காசப் பத்திக் கவலப்படாத" என்றார். அன்றைக்கு அவர் காலில் விழாத குறை. பெரியாஸ்பத்திரியில் பேர் கொடுத்து வைத்திருக்கிறேன், மெஷின் காலியானால் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் இந்த மேஜையை விட்டு நான் எழுந்திருக்க முடியாது. உனக்குத் தெரியாததா? என் மனைவியை நீ தங்கச்சி என்று கூப்பிட்டவன். அவளை எத்தனையோ முறை வீட்டில் கொண்டுபோய் விட்டவன்.

அப்புறம் வரதர் கோயிலில் அந்தக் கருட சேவைத் திருநாள். தெருவெல்லாம் ஜனம், நாலாபக்கமும் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சவாரி இல்லாமல் உட்கார்ந்திருந்த உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. சக டிரைவர்கள் சந்து சந்தாகப் புகுந்து உன்னை எங்கே கொண்டு வந்தார்கள்? என் மேஜைக்கு. நெஞ்சுவலி என்று நீ யாரையும் கொண்டு வராத இடத்துக்கு உன்னையே கொண்டு வந்துவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட்மிஷன் போடாதப்பா. என்ன வெளிய அனுப்பு" என்றாய். அனுப்பினேன். எங்கள் ஆம்புலன்ஸிலேயே ஏற்றி, நானும் கூட ஏறினேன். சங்கு ஊதியும் கூட்டம் விலக இடமில்லை. வழியிலேயே நீ போய்விட்டாய்.

மறுநாள் முதலாளி கோபிக்கவே இல்லை. என் தோளில் கை வைத்து, "இங்க வச்சிருந்தா ஒரு ஊசியாவது போட்டிருப்பாங்க. உன் சிநேகிதன நீயே அனுப்பிட்டியேப்பா" என்று மட்டும் சொன்னார். பாவி மனுஷன், அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம். டாக்டர்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன். "சொல்ல முடியாதுங்க" என்றார்கள். இருந்திருந்தால் பிழைத்திருப்பாயோ? யாரிடம் போய்க் கேட்பேன்?

இன்றைக்கு அந்தப் பெரியவர் பெஞ்சில் சாய்ந்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே கொடுக்க வேண்டிய மாத்திரைகளைக் கொடுத்தாள். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "உடனே பெரிய இடத்துக்குப் போகணும் சார். அனுப்பச் சொல்லி நான் எழுதினா சீஃப் டாக்டர் என்னைக் கேப்பாரு. நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள். அவளுக்கும் வேலை வேண்டும். அவளைக் குறை சொல்ல நான் யார்?

பெரியவரோடு வந்தவள் அவர் மகள். தென்னேரிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. "பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா, ஆம்புலன்ஸ் நான் தரேன்" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. "ஏன் சார், எங்களப் பாத்தா காசு இல்லாதவங்க மாரி தெரியுதா? இங்கதான் நல்லா பாப்பாங்கன்னு ஆட்டோக்காரு சொல்லி இட்டுக்கினு வந்தாரு" என்றாள். சொல்லிக்கொண்டே காதிலிருந்த கம்மலைத் திருகிக் கழற்றி என் மேஜைமேல் வைத்தாள். "இத வச்சிக்கினு பாருங்க. எங்கப்பாவ வெளிய மட்டும் தள்ளாதீங்க."

நான் அவள் அப்பாவைக் காப்பாற்றப் பார்க்கிறேன். அவளுக்கோ நான் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதாகத் தெரிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாலில் அத்தனை பேர் உட்கார்ந்திருப்பதும் மறந்து கத்திவிட்டேன். "இந்த நேரத்துல உங்கப்பாவுக்கு வேண்டிய டாக்டரு இங்க இல்லம்மா! கம்மல எடு மொதல்ல!"

"வாசல்ல போர்டுல போட்டுக்கீதே சார்?"

"ஞாயித்துக்கெழம காலைல வருவாரு. அதுவரிக்கும் தாங்குமா உங்கப்பனுக்கு?"

ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னையே பார்த்தாள். பிறகு கம்மலைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "கெளம்பலாம் சார்" என்றாள். ஆம்புலன்ஸ் புறப்படும்வரை வாசலில் நின்றேன். தெரு காலியாக இருந்தது. அதற்காக நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேனோ, எனக்கே ஞாபகமில்லை.

திரும்பி வந்து உட்காருவதற்குள் மேஜை போன் அடித்தது. முதலாளி. விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. வழக்கம்போலக் குரலை உயர்த்தவில்லை. நெஞ்சுவலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உன் சம்சாரம் எப்டி இருக்குது? இன்னிக்கி மெஷின்லதான?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "நல்லா பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

மாடியில் டயாலிசிஸ் அறைக்குப் போனேன். என் மனைவி கையில் ஊசியோடு, ரத்தம் குழாய்க்குள் போய் வருவதைப் பார்த்தபடி படுத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "அண்ணன் இருந்தா உனுக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பாரு" என்று சிரித்தாள். பிறகு, "மொதலாளி இன்னா சொன்னாரு?" என்றாள்.

"நீ எப்டி இருக்கேன்னு கேட்டாரு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டே, "நாளன்னிக்கு வரலாம்ல?" என்றாள். எப்போதும் 'வரணும்ல' என்றுதான் கேட்பாள். இன்றைக்கு 'வரலாம்ல' என்றாள்.

வரலாம் என்று சொல்லியிருக்கிறேன். பெரியவர் பிழைத்தாரா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் போன் நம்பரை வாங்கவில்லை. உனக்குச் செய்ததையேதான் அவருக்கும் செய்தேன். அது சரிதானா என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அடுத்தவன் வந்தாலும் அதைத்தான் செய்வேன் போலிருக்கிறது. நாளை மறுநாள் காலையில் என் மனைவியைக் கைத்தாங்கலாக இதே வாசலில் கூட்டி வருவேன். முதலாளி எதிரில் வந்தால், அவள் கையை விடாமலே, குனிந்து வணக்கம் வைப்பேன்.