மதிலுக்கு வெளியே வைத்த பிள்ளை

அன்பு மகள் பிலோமிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடி இருக்க தினம் ஜெபமாலை சொல்கிறோம். மறியல் முடிந்து நாலு நாளாகத்தான் பஸ் ஓடுகிறது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரம் பாதி இல்லை. அம்மாவுக்கு மூட்டுவலி ஜாஸ்தி, மாத்திரை வாங்கக்கூட போக முடியவில்லை. நீ குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. சரி, இதை எழுத நான் உட்காரவில்லை.

மறியலின் மூன்றாம் நாள் மலையடிவாரத்துக் கொட்டாயில் நம் சபை இருதயமேரிக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்து மூச்சுக்குத் திணறுகிறது என்று ஆள் வந்தது. பங்குச்சாமி கள்ளக்குறிச்சியில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதை நான் ஊரில் ஒருத்தருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, உபதேசியார் நான் இருக்கும்போது எதற்கு என்ற மிதப்பு. சைக்கிளைத் தூக்கித் தூக்கி ஏழு மரம் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் பிள்ளை போய்விட்டது. இருதயமேரி அழவில்லை. என்னைப் பார்த்து, ஏன் உபதேசியாரே, மரம் உங்களத்தான நிறுத்திச்சி, ஆண்டவரையுமா நிறுத்திச்சி என்று கேட்டாள். இருபத்தாறு வருஷமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவன், பதிலுக்குப் பிள்ளையைச் சுற்ற என் துண்டைத்தான் கொடுத்தேன்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை, உனக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன் உன் பிள்ளை அழாமலே பிறந்தபோது நீயும் இதையேதான் கேட்டாய். தண்ணி ஊத்தலன்னா ஆண்டவரால ஒண்ணும் செய்ய முடியாதாப்பா, முடியும்னா ஏன் செய்யமாட்டாரு என்றாய். பச்சை உடம்புக்காரி என்றுகூடப் பார்க்காமல், சாமியையே கேள்வி கேக்கறியா, வாயை மூடு என்றேன். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று என் அப்பா காலத்தில் பார்த்தது. உபதேசியார் தன் பேரனுக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று மதிலுக்கு வெளியே நானே குழி வெட்டினேன். அதற்குப் பிறகு நீ ஒரு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. திமிர் என்று நினைத்தேன். பாவி நான்.

இருதயமேரியின் பிள்ளையை உள்ளே, பெரிய சிலுவைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தேன். யாரையும் கேட்கவில்லை. ரோடு திறந்ததும் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சடங்குப் புத்தகத்தைப் பிரித்து, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையை அடக்கம் செய்கிற ஜெபத்தைக் காட்டினார். பதினைந்து வருஷத்துக்கு மேலாக அதில் இருக்கிறதாம். ஞானஸ்நானம் நம்மளத்தான் கட்டும் உபதேசியாரே, ஆண்டவரைக் கட்டாது, உங்க பேரன் விஷயத்துல ஏன் ஒரு வார்த்தை கேக்கல என்றார். கேட்க வெட்கம் பிலோமி. சரி, ஆண்டவர் கை கட்டு இல்லாத கை என்றால் அன்றைக்கு ஒரு மரத்தையாவது நகர்த்தியிருக்கலாமே என்று நானே கேட்டேன், என் வாயால் கேட்டேன். சாமியார் புத்தகத்தை மூடி வைத்தார். அப்புறம், அத நானும் கேட்டுக்கினுதான் இருக்கறேன் என்றார். நான் அன்றைக்கு உன்னிடம் அந்த மாதிரி சொல்லியிருக்கலாம். உன் பக்கத்தில் உட்கார்ந்தாவது இருந்திருக்கலாம்.

வருகிற கல்லறைத் திருநாளுக்கு மதிலுக்கு வெளியே வந்து நம் பிள்ளைக்கும் அந்த ஜெபத்தைச் சொல்கிறேன் என்று சாமியார் ஒத்துக்கொண்டார். ஜெபத்தில் பேர் சொல்ல வேண்டும், பிள்ளை பேர் என்ன என்றார். ஞானஸ்நானம் இல்லை, அதனால் பேரும் இல்லை என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். ஆறாம் மாதமே நீ அவளிடம் பேரைச் சொல்லியிருக்கிறாய், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். அவளையே கேளுங்க என்று உள்ளே போய்விட்டாள்.

கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். சேசுவும் மாதாவும் உங்கள் இரண்டு பேரையும் காக்கட்டும். நவம்பர் இரண்டுக்கு வர மனசிருந்தால் வா, இல்லையென்றால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். பேரை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு.

உன் அப்பா,
சவரியப்பன்