ஜன்னலில் இரண்டு போத்தல்

பதுளை
28.10.1974

மச்சானுக்கு ஸலாம்.

நான் சுகம். நீங்கள் கேட்க மறந்துவிட்டதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

மாலைதீவிலிருந்து வந்த உங்கள் கடிதத்தின் இரண்டு பக்கத்திலும் போத்தல்களைத்தான் விசாரித்திருக்கிறீர்கள். லீவில் வந்தபோது, உங்கள் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து கொண்டுவந்து ஜன்னலில் வைத்த பவளத்தீவுக் கடல்நீர். ஒன்றில் மட்டும், தேயிலைச் செடிக்கு உரமாகப் போடும் பசளை ஒரு சிட்டிகை போட்டீர்கள். அது பச்சையானதா என்று கேட்கிறீர்கள்.

ஆனது. பக்கத்து வீட்டு நளீரா ராத்தா பார்த்துவிட்டு, "என்ன புள்ள, போத்தல்ல பாசி புடிச்சிக் கெடக்கே, பெருநாளும் வருது" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத செடிகள் கோடிக்கணக்கில் சேர்ந்த பச்சை அது, மீன்களுக்கு அதுதான் சோறு என்று இப்போது எழுதுகிறீர்கள். மன்னியுங்கள்.

மற்றப் போத்தல் தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கடல் கண்ணாடி மாதிரி இருப்பது தண்ணீரில் சத்து இல்லாததால்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பெருநாளுக்குத் துடைத்த தரை, பத்து நாளாகியும் அழுக்காகவில்லை.

நேற்று, நீங்கள் மிச்சம் வைத்த பசளையில் ஒரு சிட்டிகையை அதிலும் போட்டேன். உங்கள் சோதனை கெட்டால் கெடட்டும். இந்த வீட்டில் ஏதாவது ஒன்று வளரட்டும்.

விடிந்ததும் ஜன்னலுக்குப் போகிற,
உங்கள் மனைவி