தானாக வந்த ஏப்பம்

மார்ச் 4, செவ்வாய்

வெளிநோயாளிகள் பிரிவில் சந்தைக் கூட்டம். அண்ணன் காதில் ஒரு பட்டாணி, தங்கை மூக்கில் அதன் ஜோடி. இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அம்மாக்காரி பட்டாணியைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவரைக்கும் நிம்மதி.

அப்புறம் அவள் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஆள் ஒல்லி. கார்ட்டூனில் குட்டியானைக்குக் குரல் கொடுக்கிறவளாம். சின்ன வயதில் என் மகளுக்குச் சோறு இறங்க நான் போட்டுக் காட்டிய அதே குட்டியானை! சாப்பிட்டால் வயிறு பலூன் மாதிரி உப்பிக்கொள்கிறது, தொண்டைக்குள் கடமுட என்று சத்தம். அந்தச் சத்தம் மைக்கில் பதிவாகிறது. மே மாதம் அடுத்த தொடர் ஆரம்பிப்பதற்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். வயிற்று டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, "எல்லாம் மனசுதாம்மா" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். என் ஆராய்ச்சியே ஏப்பம் விட முடியாதவர்களைப் பற்றித்தானே. உணவுக்குழாயின் வாசலில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது சமர்த்தாகத் திறக்கும். சிலருக்குக் காற்று மேலே வரும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தத் தசையில் ஓர் ஊசி போட்டுத் தளர்த்தலாம். எங்கள் துறைத் தலைவர், பெரிய டாக்டர், இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. "ஏம்மா, உனக்கு வேற வியாதியே கிடைக்கலையா?" சிரிக்கட்டும். கடைசியில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆசையோடு கேட்டேன், "உங்களுக்கு ஏப்பம் வருமா?"

"வரும் டாக்டர். எவ்வளவு நீளம் வேணும்?"

விட்டும் காட்டினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, வெளியே வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள். போச்சு. ஏப்பம் வருகிறவளுக்கு அந்த நோய் எங்கிருந்து வரும்? நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

சாப்பிட்டு முடித்ததும் இவர் வழக்கம்போல ஒரு ஏப்பம் விட்டார். மகள் காதைப் பொத்திக்கொண்டு, "அம்மா, உன் கான்ஃபரன்ஸுக்கு அப்பாவையே கூட்டிட்டுப் போயேன்" என்றாள். சிரித்தேன், ஆனால் ஏதோ இடித்தது. இவர் ஏப்பம் அசிங்கமாக, பாதியில் உடைந்து, பேச்சுக்கு நடுவில் வருகிறது. குட்டியானையின் ஏப்பம்? சுத்தமாக ஆரம்பித்து, சுத்தமாக முடிந்தது. ஏப்பத்துக்கு என்ன அவ்வளவு ஒழுக்கம்?

மார்ச் 11, செவ்வாய்

அடி முட்டாளே!

மாத்திரையில் அவளுக்குத் துளிகூடக் குணமில்லை. மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, ஒரு பாட்டில் சோடாவைக் குடிக்க வைத்து, "இப்ப விடுங்க" என்றேன்.

விட்டாள். ராஜ ஏப்பம். திரையில் குரல் நாண்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. உணவுக்குழாயின் வாசலோ இறுக்கிச் சாத்தியபடி! ஒரு குமிழ் வரவில்லை. அத்தனையும் நுரையீரல் காற்று. வெறும் குரல். தொழிலே அதுதானே அவளுக்கு.

"அம்மா தாயே, இது ஏப்பமே இல்ல. நீங்க நடிக்கறீங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப ஏப்பம்னா என்ன டாக்டர்?"

"வயித்துக் காத்து தானா மேல வரும். நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"தானாவா? எல்லாரும் வேணும்னே விடறாங்கன்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்! எங்க மாமனாரை மரியாதை தெரியாத மனுஷன்னு இத்தனை வருஷமா மனசுக்குள்ள திட்டியிருக்கேனே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சட்டென்று அவள் நிறுத்திவிட்டாள். "அப்ப இது மனசு இல்லையா?"

"இல்லம்மா. தசை."

அழுதாள். பஞ்சுச் சுருளை அவள் பக்கம் தள்ளினேன். பிறந்ததிலிருந்து ஏப்பமே அறியாதவளிடம் 'ஏப்பம் வருமா' என்று கேட்டால் அவள் என்னதான் சொல்வாள்? கேள்வியை மாற்றியாகிவிட்டது. இனிமேல் எல்லோரிடமும் இப்படித்தான் கேட்பேன்: நீங்கள் நினைக்காமலே ஏப்பம் வந்ததுண்டா?

மார்ச் 12, புதன்

பெரிய டாக்டர் இன்று சிரிக்கவில்லை. "அந்தத் தசைக்குப் பக்கத்துலயே குரல் தசைம்மா. மருந்து கொஞ்சம் கசிஞ்சாலும் குரல் காத்தாப் போயிடும். போயும் போயும் குரலை வெச்சுப் பிழைக்கற பொண்ணா கிடைச்சா உனக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படியே அவளிடம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அரிதாக நடக்கும், நடந்தால் சில வாரங்கள் ஆகும், திரும்பிவிடும். கொஞ்ச நேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "போடாட்டி வேலை போறது நிச்சயம். போட்டா ஒருவேளை போகலாம். போட்டுடுங்க டாக்டர்."

என் கைமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

மார்ச் 20, வியாழன்

மயக்கம் கொடுத்து ஊசி போட்டாயிற்று. நறுக்கென்று முடிந்தது. கை ஆடவில்லை.

மார்ச் 24, திங்கள்

போனில் முதலில் யாரும் பேசவில்லை என்று நினைத்தேன். வெறும் காற்று. அவள்தான்.

உடனே வரச் சொல்லிப் பார்த்தேன். ஒரு குரல் நாண் சோம்பேறியாக அசைகிறது. மருந்து கசிந்திருக்கிறது. ஏப்பமும் இல்லை. குரலும் போய், வந்த தொந்தரவும் தீராமல் — ஏன்டி, இந்தத் திமிர் உனக்குத் தேவையா? வேற யாராவது ஒரு கிளார்க்கு, ஒரு கணக்கு வாத்தியார் கிடைச்சிருந்தா ஆகாதா?

அவள் ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'பயமா இருக்கு.'

எனக்கும்தான். ஆனால் நின்று யோசித்தால், மருந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்றால் போக வேண்டிய வீட்டுக்கும் போயிருக்கும். அதை நம்பித்தான் சொன்னேன்: "வரும். ரெண்டுமே வரும். என்னைப் பார்த்துச் சொல்லுங்க, நான் பொய் சொல்ற ஆளாவா தெரியறேன்?"

தலையசைத்தாள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் காபியோடு உட்கார்ந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. போட்டேன். கடகடவென்று, பாதியில் உடைந்து, கேவலமான ஒரு ஏப்பம்.

தேதியைப் பார்த்தேன். முட்டாள்கள் தினம்! என்னை ஏமாற்றுகிறாளா, இல்லை, டாக்டர் பாவம் என்று தேற்றப் பார்க்கிறாளா? ஏப்பம் விடுவதில் அவளை மிஞ்ச ஆளா இருக்கிறது?

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் போலி ஏப்பத்தைக் குரல் நாண்களால் அல்லவா செய்வாள்? நாண்தான் சோம்பேறியாகக் கிடக்கிறதே. இப்போது அவள் நினைத்தாலும் நடிக்க முடியாது!

சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். இவர் செய்தித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு பாஸ் ஆனது?" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

குரல் பாதி வந்துவிட்டது. பெரிய டாக்டர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "என் மச்சினிக்கும் இதே தொந்தரவு போல இருக்கும்மா. எப்ப கூட்டிட்டு வரட்டும்?"

ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னேன். சிரிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் சிரித்தேன்.

மே 9, வெள்ளி

குட்டியானை வந்தாள், பழைய குரலோடு. கேமராவில் பார்த்தேன், இரண்டு நாண்களும் சுறுசுறுப்பாக இருக்கின்றன. வேலை அவளிடமே இருக்கிறது, முதல் நாள் பதிவும் முடிந்துவிட்டதாம்.

கடைசிக் காட்சியில் யானை சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட வேண்டும். சரியாக அந்த இடத்தில் இவளுக்கு நிஜமாகவே வந்துவிட்டது. இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இயக்குநர் சொன்னாராம், "மேடம், இது நிஜ ஏப்பம் மாதிரியே இல்லையே. உங்க பழைய ஏப்பத்தையே குடுங்க."

கொடுத்திருக்கிறாள். ஒரே டேக்.

சொல்லிவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். சிரிப்பின் நடுவே ஒன்று கிளம்பி வந்துவிட்டது, சின்னதாக, கேவலமாக. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்றாள். அப்புறம் விரல்களுக்கு நடுவிலிருந்து கேட்டாள், "இப்படித்தானே சொல்லணும்? எனக்குப் பழக்கமே இல்ல."