பதின்மூன்று சின்னக் கட்டங்கள்

என் பிரியமான தேவி அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உன் படத்துக்கு முன்னால் அழுதுதான் இருக்கிறேன். இன்றைக்குக் கோபத்தில் எழுதுகிறேன். கோபம் உன்மேல் இல்லை.

தி. நகர் ஜவுளிக்கடையில் முதல்முறை மயங்கி விழுந்தாயே, நினைவிருக்கிறதா? தீ விபத்து ஒத்திகைக்காகத் திடீரென்று மணி அடித்தார்கள். மடித்துக்கொண்டிருந்த புடவையோடு சரிந்தாய். "காலைல துன்னாம வந்து சீன் போடுது" என்றார் உன் சூப்பர்வைசர். இரண்டாம் முறை வீட்டில், குக்கர் விசிலுக்கு. மறுநாளே மாம்பலத்தில் ஒரு கிளினிக்குக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கியூ.டி. நீண்டிருக்கிறது என்று மெஷினே காகிதத்தின் மேல் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தது. நீ அதைப் பார்த்துவிட்டாய்.

"டாக்டர், மேல இன்னாமோ போட்டுக்கீதே?"

"மெஷின் அது பாட்டுக்கு எதையாவது அடிக்கும்மா. உனக்கு வீக்னஸ். நல்லா சாப்பிடு."

சொல்லிக்கொண்டே அந்த வரியின் மேலேயே 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் கழித்து, காய்ச்சல், வாந்தி என்று அவரிடமே போனாய். ஒரு ஆன்டிபயாட்டிக்கும், வாந்தி நிற்க ஒரு மாத்திரையும் எழுதினார். மூன்றாம் நாள் காலை நான் உன் பெண் திவ்யாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். உன் தலைமாட்டில் போன் அடித்தது. எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே சரிந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். முப்பத்து நாலு வயதில் எப்படி மாரடைப்பு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அக்கா.

போன மாதம் பள்ளிக்கூட மணி அடித்தபோது திவ்யா விழுந்தாள். "அம்மா இல்லாத பொண்ணு, ஏக்கம்" என்றார் டீச்சர். நீ முதலில் விழுந்ததும் மணிச் சத்தத்துக்குத்தான். அன்றைக்கே அடையாறில் ஒரு இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

உன் பழைய ஈ.சி.ஜி. காகிதத்தை நீட்டினேன். ஸ்கேலை வைத்துக் காட்டினார். "சின்னக் கட்டம் ஒண்ணு நாற்பது மில்லி செகண்டு. கியூ ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து, டி அலை முடியுற வரைக்கும் எண்ணுங்க."

எண்ணினேன். பதின்மூன்று. ஐந்நூற்று இருபது.

இதயம் ஒருமுறை சுருங்கி, அடுத்த துடிப்புக்குத் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம்தானாம் இந்தக் கியூ.டி. துடிப்பின் வேகத்துக்குத் தக்கபடி கணக்குப் போட்டுத் திருத்துவார்களாம். உனக்கு அன்று நிமிஷத்துக்கு அறுபது, திருத்தவே வேண்டியதில்லை. பெண்களுக்கு நானூற்று அறுபது வரை பரவாயில்லை, ஐந்நூறைத் தாண்டினால் ஆபத்து. அப்படிப்பட்ட இதயம் ஒரு திடீர்ச் சத்தத்துக்கே தடம் புரண்டுவிடுமாம். சில மாத்திரைகள் அந்த நேரத்தை இன்னும் நீட்டிவிடுமாம். உன் மருந்துச் சீட்டையும் பார்த்துவிட்டு, "குடுத்த ரெண்டுமே அந்த மாதிரி மாத்திரைதான்" என்றார்.

அளந்து பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா. அந்த ஐந்து நிமிஷம்கூடப் பெறாதவளாகப் போய்விட்டாயா நீ?

மறுநாள் மாம்பலம் கிளினிக்குக்குப் போனேன். காகிதத்தை மேஜைமேல் விரித்தேன். "கட்டத்தை எண்ணுங்க டாக்டர். சத்தமா எண்ணுங்க."

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பேனா முனையை வைத்து எண்ணினார். பதினொன்றில் நிறுத்திக்கொண்டார்; இன்னும் இரண்டு கட்டம் பாக்கி.

"அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்திம்மா…"

"எங்கக்கா கேட்டா டாக்டர். அவ்ளோ கூட்டத்துலயும் படிச்சுப் பார்த்துட்டுக் கேட்டா."

காகிதத்தை எடுத்துக்கொண்டேன். நேரே மருத்துவக் கவுன்சிலுக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு வந்தேன். "போனவ திரும்ப வருவாளாடி, விட்டுடு" என்கிறாள் அம்மா. எப்படி விடுவது? அந்த மேஜைக்கு முன்னால் இன்றைக்கும் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் இல்லையா?

எங்கள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கும் நீளம்தான், அவளிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து திவ்யாவுக்கு. எனக்கு மட்டும் நார்மல். அதைக் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

திவ்யா இப்போது தினமும் மாத்திரை போட்டுக்கொள்கிறாள். சாப்பிடக்கூடாத மருந்துகளின் பட்டியல் அவள் பையில் இருக்கிறது. முதல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சித்தி, எனக்கும் அம்மா மாதிரி ஆவுமா?"

"ஆவாதுடி. அம்மாவுக்கு யாரும் சொல்லல. நமக்குச் சொல்லிட்டாங்க."

புகாரை நான் திரும்ப வாங்கமாட்டேன், சண்டைக்காரி என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை. உன் பெண் முப்பத்து நாலைத் தாண்டுவாள், அக்கா. அதற்கு நான் பொறுப்பு.

உன் தங்கை,
திவ்யாவின் சித்தி,
கலா